கிட்டியும் வாக்குமூலமும்

‘வாக்குமூலம்’ என்னும் சொல்லை வன்னியில் அறியாதார் இலர். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத கிழவியும் அச்சொல்லைப் பிழையற உச்சரிப்பாள். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அச்சொல்லைவிட அதனோடு ஒட்டிவரும் வினைகளே சிந்தனைக்குரியனவாய்த் தோன்றுகின்றன. மக்கள் வாக்குமூலம் ‘கொடுக்கிறார்கள்’. பொலிசார் வாக்குமூலம் ‘எடுக்கிறார்கள்’. வாக்குமூலம் ‘கேட்டார்’ என்று எவரும் சொல்லக் கேட்டிலேன். ஒருவர் வாயிலிருந்து பொருளொன்றை எடுத்துக் கொள்வதாகவே அச்செயல் நம் பேச்சு வழக்கில் பதிந்துவிட்டது. வினைச்சொற்கள் காரணமின்றி அமைவதில்லை.

சென்ற ஆண்டு என்னிடம் முன்பு படித்த ஒரு பெண், நெளுக்குளத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இப்பொழுது வயது இருபத்தாறு. எட்டு வயதில், இடம்பெயர்ந்து தஞ்சம் புகுந்திருந்த வீடொன்றில், பெரியவர் ஒருவரால் அவளுக்குத் தீங்கு இழைக்கப்பட்டது. ஒரு முறையன்று, பல மாதங்கள். பதினெட்டு ஆண்டுகள் அவள் அதனை எவரிடமும் சொன்னதில்லை. இப்பொழுது சொல்ல முடிவு செய்து வன்னியின் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். சொல்லாமலே திரும்பி வந்தாள். ஏன் திரும்பினாள் என்பதைப் பின்னர் கூறுவேன். அவள் போன பின்பு, மனிதர் ஒருவர் வாயிலிருந்து துயரத்தை அறிந்து கொள்வதற்கு அரசுகள் இதுவரை கையாண்ட வழிகள் யாவை என்று தேடிப் படிக்கலானேன். இக்கட்டுரை அத்தேடலின் விளைவு.

தேடல் என்னைச் சென்னைக்கு இட்டுச் சென்றது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்திய சென்னைக்கு.

1854 ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சியிலிருந்த சென்னை மாகாணத்தில் குடிமக்கள் சித்திரவதை செய்யப்படுகின்றனரா என்ற வினா பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுந்தது. அதன் பயனாக எலியட், ஸ்டோக்ஸ், ஜோன் புரூஸ் நோர்ட்டன் என்னும் மூவர் கொண்ட விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. முறைப்பாடு உடையோர் வரலாம் என்று குழு அறிவித்தது. மூன்று மாத காலத்துள் 1,959 முறைப்பாடுகள் வந்து குவிந்தன. அவற்றுள் 1,440 கடிதங்கள். எஞ்சிய 519 பேர் நேரில் வந்தனர். புகைவண்டிப் பாதை இன்னும் திறக்கப்படாத காலம் அது. உள்ளூர்த் தாசில்தாரின் கண்ணில் படாமல், வழிச்செலவுக்குக் காசின்றி, கால்நடையாகப் பலநாள் நடந்து சென்னை சேர்ந்த உழவர்களை எண்ணிப் பாருங்கள். தம் சொல்லைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி ஒன்றே அவர்களை நடக்க வைத்தது.

1855 இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையைத் தமிழர் எவரும் வெட்கத்தோடுதான் படிக்க முடியும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவ்வறிக்கையில் நம்முடைய இரண்டு சொற்கள் மொழிபெயர்க்கப்படாமலே நிற்கின்றன. ஒன்று ‘கிட்டி’: கையை இரு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெருக்கும் கருவி. மற்றது ‘அண்ணாந்தாள்’: உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி, முதுகில் கல்லேற்றி, வெயிலில் நிறுத்தும் தண்டனை. ஆங்கிலேயன் இச்சொற்களுக்கு நிகர் தேடிக் கொள்ளவில்லை. தேடவேண்டிய அவசியமும் அவனுக்கு இருக்கவில்லை. செய்தவர்கள் நம்மவர்கள், செய்யப்பட்டவர்களும் நம்மவர்கள், வசூலாகிய வரி மாத்திரம் கொம்பனிக்கு. கிட்டியின் முதன்மையான பயன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதன்று, வரியைக் கறப்பதே என்ற உண்மையை அவ்வறிக்கையின் பக்கங்கள் மறைக்கவில்லை. கார்ல் மார்க்ஸ் 1857 செப்டெம்பரில் நியூ யோர்க் டெய்லி டிரிபியூன் பத்திரிகையில் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வறிக்கையையே சான்றாக எடுத்தாண்டார். சிப்பாய்களின் கொடுமையைப் பற்றி இலண்டன் பத்திரிகைகள் ஓலமிட்டுக் கொண்டிருந்த வேளையில், கொம்பனியின் சொந்த ஆவணத்தையே அவர் எடுத்துக் காட்டினார்.

சட்டம் இதிலிருந்து ஒரு பாடத்தைக் கற்றது. வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருத்தல் ஆகாது என்று 1859 இல் சென்னைப் பொலிஸ் சட்டம் வகுக்கப்பட்டது. பொலிஸ் அதிகாரியிடம் செய்யப்படும் குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாகக் கொள்ளலாகாது என்று 1861 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. அவ்விதி 1872 ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25 ஆம் பிரிவாயிற்று. அச்சட்டத்தைப் பெரிதும் தழுவி எழுதப்பட்ட இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே இலக்கத்தில், 25 ஆம் பிரிவாகவே, அது இடம்பெற்றது. சென்னைக்கு நடந்து சென்ற அந்த 519 பேரின் காலடி இவ்வாறு கடல் கடந்தும் பதிந்தது எனலாம்.

ஆயினும் அது எத்தகைய பாடம்? பொலிசார் எடுத்த வாக்கை நம்பாதே என்பதே அது. எவ்வாறு எடுப்பது, அதாவது எவ்வாறு கேட்பது, என்பதை அச்சட்டம் எவருக்கும் கற்பிக்கவில்லை. ஐயுறவு சட்டமாயிற்று, செவி சட்டமாகவில்லை. அந்த ஐயுறவையும் நம் நாடு நெடுங்காலம் பேணவில்லை. 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக ஏற்றுக் கொண்டது. 1993 இல் மட்டக்களப்பில் கைதான நல்லரத்தினம் சிங்கராசா தமிழன்றி வேறு மொழி அறியாதவர். பொலிஸ்காரர் ஒருவர் மொழிபெயர்க்க, சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதலில் அவர் பெருவிரல் அடையாளம் இட்டார். 1995 இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இல் அவ்விசாரணை நியாயமற்றதெனத் தீர்மானித்தது. 2006 இல் நம் உயர் நீதிமன்றம் அத்தீர்மானத்துக்கு வலுவில்லை என்று கூறிவிட்டது. பெருவிரலை அழுத்தக் கட்டை வேண்டியதில்லை, காகிதமும் போதும்.

இதுகாறும் கூறியன குற்றம் சாட்டப்பட்டோரின் கதை. தீங்குக்கு ஆளானவர் முறையிட வரும்போது நிலைமை யாது?

ஆங்கிலச் சட்ட மரபு அவர்களுக்கென வேறோர் ஐயுறவை வைத்திருந்தது. பெண்ணும் குழந்தையும் இத்தகைய விடயங்களில் சொல்லும் சொல்லைத் தனித்து நம்புதல் ஆபத்தானது என்று நீதிபதிகள் யூரிகளை எச்சரிப்பது அங்கு நீண்ட காலம் நிலவிய வழக்கம். நம் மரபுக்கு அது அந்நியமானதா என்றால், முழுதும் அந்நியமானதெனச் சொல்ல என் மனம் துணியவில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை வேறொன்றைக் காட்டுகிறது. பொற்கொல்லனின் வாக்கை ஒரு வினாவும் இன்றி ஏற்றுக் கொண்ட அதே பாண்டியன், கண்ணகி வந்து நின்றபோது செய்தது என்ன? அவள் கண்ணீரைக் கண்டான். நீ யார் என்று கேட்டான். பின்பு வாய் மூடியிருந்தான். அவள் தன் ஊரிலிருந்து, அவ்வூரின் பழைய நீதிக் கதைகளிலிருந்து, தன் போக்கில் தொடங்கிச் சொல்லி முடித்தாள். அவன் குறுக்கிடவில்லை. பிந்திய கேட்டல்தான், இருப்பினும் கேட்டல்.

அண்மைக் காலத்தில் தமிழ் நிலத்தில் இக்கேட்டலின் பொருளைக் காட்டிய இடம் வாச்சாத்தி. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினர் ஊர் அது. 1992 ஜூன் 20 ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேர், பொலிசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், ஆக 269 பேர் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் அழிக்கப்பட்டன, கிணற்று நீரும் பாழாக்கப்பட்டது. பதினெட்டுப் பெண்களை ஏரிக்கரைக்குக் கொண்டு சென்று சிதைத்தனர். அவர்களுள் பள்ளி செல்லும் வயதுச் சிறுமியும் இருந்தாள். பின்னர் 90 பெண்களும் 28 குழந்தைகளும் 15 ஆண்களும் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர்.

அப்பெண்கள் நீதவான் முன் நிறுத்தப்பட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. பிற்காலத்தில் இம்மௌனமே அவர்களுக்கு எதிராகச் சுட்டப்பட்டது. உண்மையில் சீருடைகள் சூழ நிற்க, மிரட்டல் காதில் ஒலித்துக் கொண்டிருக்க, ஏதேனும் சொல்ல உண்டா என்று ஒருவர் ஒரு நிமிடம் வினாவுதல் கேட்டலாகாது. அவர்கள் வாய் திறந்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரிடத்தில். அதே ஆண்டு ஜூலையில் சித்தேரி மலைப்பகுதிக்குச் சென்ற சங்கத்தாருக்குத்தான் செய்தி முதன்முதல் எட்டியது. காட்டுக்குள் ஒளிந்திருந்த மக்களைத் தேடிச் சென்றவர்கள், அவர்களோடு உண்டவர்கள், திரும்பத் திரும்ப வந்தவர்கள் இவர்கள். மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் அப்பெண்களோடிருந்து அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்தார். கீழ்வெண்மணி நெருப்பின் பின் அங்கும் சென்று எழுதிய அதே மைதிலி. 2021 இல் மறைந்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான ஆணையத்தின் தென்மண்டல அதிகாரியாயிருந்த பாமதி ஊருக்கு நேரில் வந்து விசாரித்து, மக்கள் சொல்வது மெய் என அறிக்கை அளித்தார். அரசு அதிகாரியின் சீலையிலும் செவி இருக்கக்கூடும் என்பதற்கு இவர் சான்று.

1995 இல் வழக்கு மத்திய புலனாய்வுத் துறையிடம் சென்றது. 2011 செப்டெம்பர் 29 இல் தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தனர். 17 பேர்மீது பாலியல் வன்கொடுமை நிரூபிக்கப்பட்டது. 2023 இல் மேன்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் தாமே வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 29 இல் தண்டனைகளை உறுதி செய்தார். அன்று சிறுமியாயிருந்தவள் நடுவயதை அணுகிவிட்டாள். இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளில், தனக்கு நேர்ந்ததை எத்தனை அதிகாரிகளிடம் எத்தனை முறை அவள் சொல்லியிருப்பாள்! முதலிற் கேட்டவர்கள் கேட்ட முறையிலே தவறியிருந்தால், இரண்டாம் முறை சொல்ல அவள் இருந்திருப்பாளோ?

குழந்தைப் பருவத்துத் தீங்கை வளர்ந்தபின் சொல்வோரின் நிலையில் தனியான ஓர் இடர் உண்டு. அது காலம். அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை பணியாற்றிய அரச ஆணைக்குழு, 8,013 பேரைத் தனித்தனியே, சத்தியப் பிரமாணமும் குறுக்கு விசாரணையும் இன்றி இருத்திக் கேட்டது. அவர்கள் முதன்முதல் ஒருவரிடம் வாய் திறக்கச் சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்தன என அக்குழு கண்டது. இனி நம் சட்டத்தைப் பார்ப்போம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 456 ஆம் பிரிவில், கொலையும் இராசத்துரோகமும் அல்லாத குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை 20 ஆண்டுகளில் அற்றுப் போகும் என எழுதியது. மனித மனம் சராசரியாகக் கேட்கும் தவணையைவிட அது ஏறத்தாழ நான்கு ஆண்டு குறைவு! இந்தியாவில், சென்னையில் பிறந்து கனடாவில் வாழும் பெண் விஞ்ஞானி ஒருவர் தம் குழந்தைப் பருவத்துத் தீங்கைப் பல்லாண்டு கழித்து முறையிட முயன்று, வழி காணாது, அதனைப் பொது இயக்கமாக்கினார். அதன் விளைவாக 2018 இல் இந்தியச் சட்ட அமைச்சு, சிறுவர்க்கெதிரான பாலியற் குற்றங்களை முறையிடக் கால எல்லை இல்லை என்று தெளிவுபடுத்தியது.

என்னிடம் வந்த பெண்ணின் கணக்கையும் இங்கே பாருங்கள். பதினெட்டு போய்விட்டது. இரண்டு மீதம்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு, அதனைக் கற்பிக்கவும் கூடும் என்பதை உலகம் அண்மையில்தான் உணர்ந்தது. அதுவும் இழப்புகளின் பின்னர். கில்ட்ஃபோர்டு நால்வர், பர்மிங்ஹாம் அறுவர் ஆகியோர் பொலிசார் ‘எடுத்த’ ஒப்புதல்களால் பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் சிறையிற் கிடந்து 1989 இலும் 1991 இலும் விடுதலையாயினர். அந்த அவமானத்தின் பின்னரே, 1992 இல், இங்கிலாந்துப் பொலிசார்க்கு விசாரணை முறை புதிதாக வகுக்கப்பட்டது. அதே ஆண்டு, சிறுவரிடம் சாட்சியம் பெறும் முறைபற்றி ஒரு கையேடும் வெளிவந்தது. கிளீவ்லாந்தில் 1987 இல் 121 குழந்தைகள் பற்றி எழுந்த குழப்பமும், அதனை ஆராய்ந்த நீதிபதி பட்லர்-ஸ்லொஸ் 1988 இல் அளித்த அறிக்கையும் அதற்குத் தூண்டுகோல். விசாரணையை அக்கையேடு நான்கு கட்டமாக்கியது: இணக்கம் உண்டாக்கல், தடையின்றிச் சொல்ல விடல், வினாவுதல், முடித்து வைத்தல். முதலில் நிற்பது இணக்கம்.

‘இணக்கம்’ என்று எழுதும்போதே எனக்குச் சற்றுக் கூச்சமாயிருக்கிறது. ‘நல்’ என்ற அடையைச் சேர்த்து இச்சொல்லை நம் நாட்டு மேடைகள் தேய்த்துவிட்டன. இங்கே நான் கருதுவது மேடையில் மலரும் புன்னகையன்று. விசாரிப்பவர் தம் பெயரையும், எதற்காக எழுதுகிறார் என்பதையும், எழுதியது எங்கே போகும் என்பதையும் முதலிலே சொல்லுதல். தெரியாததைத் தெரியாது என்றும், நினைவில்லாததை நினைவில்லை என்றும் சொல்ல உரிமை உண்டு எனத் தெரிவித்தல். தாம் பிழைபட விளங்கிக் கொண்டால் திருத்தும்படி கேட்டல். வழக்கோடு தொடர்பற்ற ஒன்றைப் பற்றி, சமையலோ தையலோ பயணமோ, சிறிது நேரம் அவரே விரித்துச் சொல்லும்படி விடுதல். பின்பு ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று கூறிவிட்டு வாயைக் கட்டிக் கொள்ளுதல். இவ்வளவே. ஆம், இல்லை என்று விடை வரும் கேள்வியை அடுக்கினால் கேட்பவரின் கதைதான் தாளில் ஏறும். பல முறை நேர்ந்த தீங்கு நினைவில் ஒன்றோடொன்று கலந்து ஒரே நிகழ்ச்சி போலாகிவிடும். ஆதலின் ‘முதல் நாள் நினைவிருக்கிறதா? கடைசி நாள்? மறக்கவே முடியாத நாள்?’ என்று பிரித்துக் கேட்பதும் இக்கலையின் ஒரு கூறு.

இதனை அன்பு காட்டுதல் என்று மயங்குவோர் உளர். குழந்தைக்குத் தீங்கு செய்பவன் பெரும்பாலும் முதலில் அன்புதான் காட்டினான், இனிப்புக் கொடுத்தான், தலையைத் தடவினான். ஆகவே அக்குழந்தை வளர்ந்து பெண்ணாகவோ ஆணாகவோ வந்து அமரும்போது, அளவு மீறிய இனிமை அவளை அச்சுறுத்தவே செய்யும். அவளுக்கு வேண்டியது சொன்ன நேரத்துக்கு வருகின்ற, சொன்னதைச் செய்கின்ற, செய்ய முடியாததை முடியாது என்று ஒப்புகின்ற ஒரு மனிதர்.

இணக்கம் தவறான திசையிற் போனதும் உண்டு. ஜிம்மி சவில் என்னும் பிரித்தானிய வானொலி, தொலைக்காட்சிப் புகழாளனைப் பொலிசார் 2009 இல் விசாரித்தபோது, அவ்விசாரணை அவன் செல்வாக்கோடு உலவிய மருத்துவமனையில், அவனுடைய அலுவலக அறையிலேயே நடந்தது. முறையிட்ட பெண்களுக்கோ, தம்மைப் போல் வேறு பெண்களும் முறையிட்டிருக்கிறார்கள் என்பதுகூடச் சொல்லப்படவில்லை. ஒவ்வொருத்தியும் தான் தனியள் என்றெண்ணிப் பின்வாங்கினாள். 2011 இல் அவன் மரியாதையோடு இறந்தான். அடுத்த ஆண்டு உண்மை வெளிவந்தபோது சுமார் 450 பேர் முன்வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறு வயதிலே தீங்குக்குள்ளாகி முதுமையை நெருங்கியவர்கள். இணக்கமெல்லாம் ஒரு நாற்காலிக்கும், ஐயமெல்லாம் மறு நாற்காலிக்கும் கிடைத்த கதை இது. வர்க்கமும் புகழும் விசாரணை அறைக்குள்ளும் நுழைகின்றன.

அதன் மறுதலையும் பிழையே. நாணத்தால் உந்தப்பட்ட இலண்டன் பொலிசார், வந்தவர் சொல்வதையெல்லாம் முதலிலேயே மெய்யென நம்பிவிடுவது என்று தீர்மானித்தனர். கார்ல் பீச் என்பவன் அரசியற் பெரியோர்மீது சுமத்திய கொடுங்குற்றங்களை, ஆராயுமுன்னரே உண்மை என்று பொலிஸ் அதிகாரியொருவர் பகிரங்கமாகச் சொன்னார். அவை யாவும் புனைவு. 2019 இல் அவனுக்கு 18 ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆயின் அதற்குரிய விலையை மெய்யாகவே தீங்குற்றோர் செலுத்த நேர்ந்தது; ‘இவளும் அவனைப் போலத்தானோ’ என்ற பேச்சுக்கு இடமுண்டாயிற்று. கலிபோர்னியாவில் 1983 இல் தொடங்கி ஏழாண்டு நடந்த மக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கில், குழந்தைகளிடம் விடையைத் திணித்துக் கேட்டமையால் ஒருவரும் தண்டிக்கப்படாமலே வழக்குக் கலைந்தது. கேட்பவர் நம்பவும் வேண்டாம், நம்பாதிருக்கவும் வேண்டாம், கேட்டால் போதும். ஆராய்வது அதன் பின் வரும் வேலை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுச் சிறுவர்மீதான பாலியற் குற்றங்கள் விரிவாக வரையறுக்கப்பட்டன. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உண்டாக்கியது. 1999 இல் சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றில் ஏற்க வழி பிறந்தது. தீங்குற்றோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015 இல் ஒரு சட்டம் வந்தது. 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பொலிஸ் நிலையங்களிற் சிறுவர், மகளிர் பிரிவுகளும் அமைந்தன. இவை நல்லன; போராடிப் பெற்றவை. எனினும் எட்டு வயதில் நொந்து இருபத்தாறு வயதில் வருபவள் எந்தக் கதவுக்குரியவள்? ஒளிப்பதிவு அறை குழந்தைக்கு. அவள் குழந்தையல்லள், ஆனால் அவள் சொல்லப் போவது ஒரு குழந்தையின் கதை.

மேலும் அவளது வாக்குமூலம் எங்ஙனம் பயன்படும் என்பதையும் நோக்குக. 110 ஆம் பிரிவின்படி பொலிசாரிடம் கொடுத்த கூற்று அவள் சொன்னதற்கு ஆதாரமாகாது. அவள் பின்னர் நீதிமன்றிலே வேறாகச் சொன்னால், ‘அன்று இப்படிச் சொன்னாயே’ என்று அவளை மடக்கவே அது எடுத்துக் காட்டப்படும். எழுதுபவர் ஒரு சொல்லைப் பிழைபட எழுதினால், ஆண்டுகள் கழித்து அச்சொல்லே அவளுக்கெதிரான சாட்சியாய் எழுந்து நிற்கும்.

இதனோடு மொழியின் இடரும் சேர்கின்றது. 1956 இல் தொடங்கிய மொழிக் கொடுமை 1988 இல் பதினாறாம் திருத்தத்தோடு ஏட்டளவில் முடிந்தது. ஆயினும் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 ஆம் ஆண்டு அறிக்கையிலும், எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் இருபத்துநான்கு மணி நேரமும் இரு மொழியும் அறிந்தோர் இருத்தல் வேண்டும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் கூற்றைப் பதிவு செய்யும் உரிமை பெறல் வேண்டும் என்று பரிந்துரைக்க நேர்ந்தது. பரிந்துரைக்க நேர்ந்தது என்பதே நிலைமைக்குச் சான்று. அன்றியும் வன்னி மக்கள் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள். அந்த ஆணைக்குழு வந்தது. 2013 இல் நியமிக்கப்பட்ட காணாமற் போனோர் பற்றிய பரணகம ஆணைக்குழு வந்தது. 2016 இல் கலந்தாலோசனைச் செயலணி வந்தது. 2017 பெப்ரவரியில் வவுனியாத் தெருவோரத்திற் பந்தலிட்டு அமர்ந்த தாய்மார், ஒரே கதையை எத்தனை மேசைகளிற் சொன்னார்கள் என்பதற்குக் கணக்கில்லை. சீருடை என்றாலோ, இங்கே அது வெறும் துணியன்று.

அந்தப் பெண் முதல் நாள் திரும்பி வந்த காரணம் இதுதான். முன்கூடத்து மேசையில், அடையாள அட்டை தொலைத்தவரும் மாட்டுக்களவுக்காரரும் நிற்க, அவளை இருத்தினார்கள். எழுதுபவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வந்தவர் அவளுடைய ஊர்க்காரர். முதற் கேள்வி: “இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்ல?” அவள் எழுந்துவிட்டாள். அக்கேள்வி கொடுமனத்தாற் பிறந்ததென நான் கருதவில்லை; கேட்டவருக்கு வேறு கேள்வி எதனையும் எவரும் கற்பித்திலர்.

மூன்று வாரம் கழித்து நானும் அவளுடன் போனேன். அன்று கடமையிலிருந்தவர் தென்னிலங்கைச் சிங்களப் பெண் சார்ஜன் ஒருவர். எங்களைப் பின்புறத்து அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார். மின்விசிறியின் இரைச்சலில் குரல் கேளாது என்று அதனை நிறுத்தினார். பின்பு சொன்னார்: “எனக்குத் தமிழ் கொஞ்சந்தான் தங்கச்சி. பிழையா விளங்கினா நிப்பாட்டுங்கோ. நான் கோவிக்க மாட்டன்.” இளம் தமிழ்ப் பெண் கான்ஸ்டபிள் ஒருவரை எழுதுவதற்கு அழைத்தார். இது சட்டமா அதிபர் வரைக்கும் போகலாம், போகாமலும் விடலாம், தம்மால் வாக்குறுதி கொடுக்க இயலாது என்றும் சொன்னார். அவள் தையல் வேலை செய்பவள் என்றறிந்து, சட்டையொன்றை வெட்டுவது முதல் தைத்து முடிப்பது வரை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். சார்ஜனுக்குப் பாதி விளங்கியிராது. கால் மணி நேரம் அப்படியே கழிந்தது. எனக்கோ பொறுமை இல்லை, இதெல்லாம் எதற்கு என்று உள்ளுக்குள் குமைந்தேன். அதன் பின்னரே, “அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கோ” என்றார். என்னை வெளியே இருக்கும்படி அவளே கண்ணாற் சொன்னாள். நான் எழுந்து போய் முற்றத்து வேம்பின் கீழ் இருந்தேன்.

இரண்டரை மணி நேரம் கழித்து, எழுதியதை வாசித்துக் காட்டும் வேளையில், என்னை மறுபடி அழைத்தார்கள். கான்ஸ்டபிள் வரி வரியாக வாசித்தார். பாதியளவில் அவள் கையை உயர்த்தினாள்.

“நான் சத்தம் போடவில்லை எண்டு எழுதியிருக்கிறியள். அப்பிடி இல்லை.”

“பின்ன எப்பிடி எழுத?”

“சத்தம் வரவில்லை எண்டு எழுதுங்கோ.”

கான்ஸ்டபிள் சார்ஜனைப் பார்த்தார். இரண்டு சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிங்களத்தில் விளக்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சார்ஜன் தலையசைத்தார். ஒரு சொல் வெட்டப்பட்டு மேலே மறுசொல் எழுதப்பட்டது. வெட்டிய இடத்தில் அவள் சிற்றொப்பமிட்டாள். கடைசிப் பக்கத்தில் முழுப்பெயரும் தமிழில் எழுதினாள். பத்தாம் வகுப்பில் நான் பார்த்த அதே கையெழுத்து. ‘ழ’கரத்தின் சுழி மட்டும் சற்றுப் பெரிதாய் இருந்தது.

கோவை கொழும்புக்குப் போயிருக்கிறது.